உப்பி வீட்டுக்கு வந்த கதை

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு வரும் கம்யூட்டர் ரயிலில், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். எதிரில் இருப்பவர் கட்டாயம் பேச்சுக் கொடுப்பார்.

"என்ன மீன் தம்பி அது?" என்று கேட்டார் ஓர் அம்மா.

"ஈக்கான் புந்தால், ஆன்ட்டி."

"ஐயையோ, விஷமாச்சே!" என்று அவர் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பைக்குள் இருந்ததோ என் சுண்டு விரல் நீளமே உள்ள ஒரு குட்டி. பழுப்பு முதுகில் மஞ்சள் கோடுகள் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் 8 என்ற எண்ணைப் போலத் தெரிந்தன. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. இன்னொரு கண்ணை அந்த அம்மா பக்கம் திருப்பியது. இரு கண்களையும் தனித்தனியாக உருட்டக்கூடிய மீன் அது.

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தொட்டியில் அதை விட்டேன். தங்கை உடனே 'பூரி' என்று பெயர் வைத்தாள். நான்காம் நாள் காலையில் பூரி தொட்டியின் அடியில் இறந்து கிடந்தது.

மாணவ நண்பர்களே, அந்த மீனை நான் எப்படிக் கொன்றேன், அடுத்த மீனை வாழ வைக்க என்னவெல்லாம் கற்றுக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. மீன் வளர்க்கும் ஆசை உங்களுக்கும் இருந்தால், என் தவற்றை நீங்கள் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

தெளிந்த தண்ணீர், நச்சுத் தண்ணீர்

மீன் வாங்குவதற்கு முதல் நாள்தான் தொட்டி வாங்கினேன். கழுவி, மணல் போட்டு, குழாய் நீரை நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்தும் விட்டேன். வடிகட்டியை இரவு முழுவதும் ஓட விட்டேன். காலையில் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. எல்லாம் தயார் என்று நினைத்தேன்.

பூரியும் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் போட்ட புழுவில் பாதியைத் தின்றது. மீதி மணலில் கிடந்து அழுகியது. மூன்றாம் நாள் வாலை மடக்கிக்கொண்டு, கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் ஓயாமல் நீந்தியது. வெள்ளை வயிறு சாம்பல் நிறமானது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. "தன் நிழலோடு விளையாடுது" என்று தங்கையிடம் சொன்னேன். அது விளையாட்டல்ல, மூச்சுத் திணறல்.

பூரியைக் கறிவேப்பிலைச் சட்டியில் புதைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழே வேலியோரம் புதைத்தோம். தங்கை என்னோடு பேசவில்லை.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மீன் வளர்க்கும் கல்லூரி நண்பனிடம் போனேன். அவனிடம் பரிசோதனைக் குப்பிகள் இருந்தன. அமோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாக இருக்கும் என்றான். என் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

"நாலு நாளா அது கழிச்ச கழிவிலேயே மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்குடா" என்றான்.

கண்ணுக்குத் தெரியாத தோட்டம்

மீன்கள் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. ஆற்றில் அதைக் கரைத்துக் கொண்டுபோக நீரோட்டம் உண்டு. 60 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்?

அதைக் கையாளப் பாக்டீரியாக்கள் வேண்டும். ஒரு வகை, அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவு மீறாதவரை மீன் தாங்கிக்கொள்ளும். வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறையும்.

நைட்ரஜன் சுழற்சி! பள்ளியில் அந்தப் படத்தை அம்புக்குறிகளோடு வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வீட்டுத் தொட்டியில் அந்தச் சுழற்சி தொடங்கும் முன்பே மீனை விட்டுக் கொன்றவனும் நானே. புத்தகத்தில் படித்தது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புந்தால் மீனுக்கு இது இன்னும் முக்கியம். அதற்கு மற்ற மீன்களைப் போல் செதில் கவசம் இல்லை. கெட்ட தண்ணீரைத் தாங்கும் சக்தியும் குறைவு. அதனால் மீன் வாங்கும் முன் தண்ணீரை வளர்க்க வேண்டும்.

இந்த முறை மீன் இல்லாமலே தொட்டியை ஓட விட்டேன். பசாரில் வாங்கிய இறால் ஒன்றைப் பழைய காலுறையில் கட்டித் தண்ணீரில் போட்டேன். அது அழுகி அமோனியா கொடுக்கும். அந்த அமோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. நாற்றத்தைப் பற்றி அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. நண்பன் தன் தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கொடுத்தான். தயிருக்கு உறை ஊற்றுவது போல, அந்தப் பஞ்சில் இருந்த பாக்டீரியா என் வடிகட்டியில் பரவும்.

மூன்று நாளைக்கு ஒருமுறை சோதித்து, ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எண்களை எழுதினேன். முதலில் அமோனியா ஏறியது. இரண்டு வாரத்தில் அது இறங்கத் தொடங்கியபோது நைட்ரைட் ஏறியது. 36ஆவது நாள், புதிய இறால் துண்டு போட்ட பிறகும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன. நைட்ரேட் மட்டும் இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றினேன். தொட்டி தயாரானது.

ஓர் எச்சரிக்கை. வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். குழாய் நீரில் உள்ள குளோரின், ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அதை அலச வேண்டும்.

தாத்தா சொன்ன உப்பு

அந்த ஆறு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தாத்தா வீட்டுக்குப் போனேன். இளமையில் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் தூண்டில் போட்டுப் பழகியவர் அவர். பூரியின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் சிரித்தார்.

"இதையா காசு கொடுத்து வாங்கினே? எங்க தூண்டில்ல மாட்டினா, நரம்பைக் கடிச்சு அறுத்துட்டுப் போயிடும். திட்டிக்கிட்டே வேற முள்ளு கட்டுவோம்."

பிறகு படத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது முகத்துவாரத்து ஜாதிடா. தண்ணி ஏறும்போது உப்பு, இறங்கும்போது நல்ல தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல வாழுற மீனு. வெறும் பைப்புத் தண்ணியில எத்தனை காலம் தாங்கும்?"

தாத்தா சொன்னது சரி. 8 போட்ட இந்தப் புந்தால் மலேசியா, இந்தோனேசியா உட்பட தென்கிழக்காசியாவின் ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் வாழ்வது. கடையில் நல்ல நீரில் வைத்திருந்தாலும், நீண்ட காலம் நலமாக இருக்கக் கொஞ்சம் உப்பு வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்களின் கருத்து. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இந்த மீனுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7 கிராம் போதும். ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் 1.005 காட்டும். சமையல் உப்பு உதவாது. கடல் மீன் தொட்டிகளுக்கென்றே விற்கும் உப்பு வேண்டும்.

என் 60 லிட்டருக்கு மொத்தம் 420 கிராம். ஆனால், நல்ல நீரில் இருந்து வரும் மீனை ஒரே நாளில் உப்பு நீரில் விட்டால் அதன் உடல் அதிர்ந்துபோகும். அதனால் கடைத் தண்ணீரைப் போலவே என் தொட்டியையும் உப்பில்லாமல் வைத்துக்கொண்டேன். மீன் வந்த பிறகு, வாரம் ஒரு கிராம் வீதம் ஏழு வாரத்தில் ஏற்றுவது என் திட்டம்.

ஒரு கணக்கு. வாரந்தோறும் 15 லிட்டர் மாற்றுகிறேன். முதல் வாரம் புதிய தண்ணீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். இரண்டாவது வாரம் 75 கிராம். ஏன் 15 கிராம் கூடுதல்? வெளியே எடுத்த 15 லிட்டரோடு 15 கிராம் உப்பும் போய்விட்டதே! ஆனால் வெயிலில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

எந்தப் புந்தால் என்று கேளுங்கள்

கடைகளில் 'புந்தால்' என்ற ஒரே பெயரில் பல மீன்கள் விற்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர் ஆகாது.

பச்சை உடலில் கரும்புள்ளி போட்ட இனம், குட்டியாக இருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரும். வளர வளர உப்பும் அதிகம் வேண்டும். முதுகெலும்புள்ள உயிரினங்களிலேயே மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்று அதனுடையது. 2004இல் அதை ஆராய்ச்சியாளர்கள் முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு, ஜப்பானிய ஃபுகு புந்தாலின் மரபணுத் தொகுதி வெளியானது. அந்த ஆய்வில் சிங்கப்பூர் விஞ்ஞானிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்னொன்று, பட்டாணி அளவில் இருக்கும் குட்டைப் புந்தால். ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அது கேரளத்து ஆறுகளில் வாழ்வது. 1941இல் அதைப் பதிவுசெய்தவர்கள் திருவிதாங்கூரின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் வைத்தார்கள். அதற்கு உப்பே கூடாது. விற்பனைக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதால் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு மீனவர்கள் புந்தால் வகையைப் 'பேத்தை' என்பார்கள்.

ஆகவே, பெயரைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இரண்டாவது முறை நான் கடைக்காரரிடம், "அண்ணே, இது சாப்பிடுறதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு புழுவைப் போட்டார். வயிறு ஒட்டிய மீன்களை விட்டுவிட்டு, ஓடி வந்து கவ்விய மீனைத் தேர்ந்தெடுத்தேன். வயிறு குழி விழுந்த மீனுக்குக் குடற்புழு இருக்கலாம்.

இரண்டாவது பயணம்

கடைக்காரர் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டினார். புந்தாலின் பல் பையையே கடித்துவிடும். நான் ஒரு துணிப் பையில் வைத்து வெளிச்சம் படாமல் கொண்டுவந்தேன். இந்த முறை ரயிலில் யாருக்கும் காட்டவில்லை.

வீட்டில் முதலில் தொட்டி விளக்கை அணைத்தேன். பையைத் திறக்காமல் 15 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டேன். உள்ளும் புறமும் ஒரே வெப்பம் வரவேண்டும். நம் நாட்டு வெப்பம் இந்த மீனுக்குப் பொருத்தம்தான். ஆனால் இரவில் குளிரூட்டி ஓடும் அறையில் தொட்டியை வைத்தால் வெப்பம் ஏறி இறங்கும். எங்கள் தொட்டி கூடத்தில் இருக்கிறது.

பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறு கோப்பை தொட்டித் தண்ணீர் விட்டேன். அரை மணி நேரம் இப்படி. வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையில் அடைபட்டு வரும் மீனென்றால், திறந்த பையில் அதிக நேரம் வைக்கக் கூடாது. மீன் விடும் கரியமில வாயு மூடிய பையில் சேர்ந்து தண்ணீரைச் சற்று அமிலமாக்கி, அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பை திறந்ததும் அந்த வாயு வெளியேற, நஞ்சு தலைதூக்கும்.

கடைசிப் படிதான் முக்கியம். புந்தாலை வலையால் தூக்காதீர்கள். பயந்தால் அது தண்ணீரை விழுங்கி உடலை உப்ப வைக்கும். அதற்கு விலா எலும்பு இல்லை, வயிறு பலூன்போல் விரியும். தண்ணீருக்கு வெளியே பயந்தால் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியே விட முடியாமல் மிதந்தே சாகக்கூடும். நான் ஒரு கோப்பையால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு, கோப்பையைத் தொட்டிக்குள் மூழ்க வைத்தேன். மீன் தானாக வெளியே வந்தது. பையில் மிஞ்சிய கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை.

தங்கை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு என்ன?" என்று கேட்டேன்.

"இப்ப வைக்க மாட்டேன். முதல்ல உயிரோட இருக்கட்டும்."

முதல் வாரம்

அன்று உணவு போடவில்லை. விளக்கும் போடவில்லை. மீன், நான் வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கண்ணாடியைத் தட்டக் கூடாது, உப்ப வைத்துப் பார்க்கக் கூடாது என்று தங்கையின் தோழிகளுக்கும் சொல்லி வைத்தேன். இணையத்தில் உப்பிய மீனைக் கையில் பிடித்துச் சிரிக்கும் காணொளிகள் நிறைய உண்டு. அந்த மீனுக்கு அது உயிர் போகும் பயம். நாம் சிரிப்பதற்காக அதைப் பயமுறுத்துவது நியாயமல்ல.

மறுநாள் இரண்டு புழு. இரண்டு நிமிடத்தில் தின்றது. மிச்சம் இருந்திருந்தால் உடனே எடுத்திருப்பேன். தினமும் அமோனியாவைச் சோதித்தேன். ஒவ்வொரு நாளும் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்தபோது வந்த நிம்மதி, தேர்வு முடிவைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

ஐந்தாம் நாள் மீன் சிரட்டையை விட்டு வெளியே வந்தது. வால் விரிந்திருந்தது. வயிறு வெள்ளை. தொட்டியின் நடுவில் ஹெலிகாப்டர் போல் ஒரே இடத்தில் நின்று என்னைப் பார்த்தது.

அதன் பிறகு நத்தை. புந்தாலின் பற்கள் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக ஒட்டி, கிளியின் அலகுபோல் இருக்கும். அவை வாழ்நாள் முழுவதும் வளரும். மெல்லிய புழுவை மட்டுமே போட்டால் பல் தேயாமல் நீண்டு, வாயைத் திறக்க முடியாமல் மீன் பட்டினி கிடக்கும். நீர்ச்செடிகளோடு வரும் சிறு நத்தைகளை ஒரு பாட்டிலில் வளர்க்கிறேன். வாரம் சில நத்தைகள், இடையிடையே ஓட்டோடு சிறிய இறால். சார் குவே தியோவில் போடுவார்களே, அந்தக் கெராங்கும் அதற்குப் பிடிக்கும்.

அதே தொட்டியில் வேறு மீன் விடவில்லை. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் குணம் அதற்கு உண்டு. அறுபது லிட்டருக்கு ஒரு புந்தால் போதும். நம் பகுதியில் அவ்வப்போது நீர் விநியோகத் தடை வருமல்லவா? அதற்காகக் குளோரின் நீக்கிய தண்ணீர் இரண்டு வாளி எப்போதும் தயாராக இருக்கும்.

ரயில் அம்மாவின் பயம்

ரயிலில் காலை இழுத்துக்கொண்ட அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. 2023இல் ஜொகூர், குளுவாங் பகுதியில் முதிய தம்பதியர் புந்தால் மீனைச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தார்கள். பல புந்தால்களின் உடலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நரம்பில் செய்தியைக் கடத்தும் சோடியம் வழிகளை அது அடைத்துவிடும். தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுபோகும். கொதிக்க வைத்தாலும் அழியாது. முறிவு மருந்தும் இல்லை. ஆற்றிலோ கடலிலோ பிடித்த புந்தாலை யார் கொடுத்தாலும் சாப்பிடாதீர்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

தொட்டியில் வளர்ப்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. அந்த நஞ்சு சில பாக்டீரியாக்கள் மூலம் உணவுச் சங்கிலியில் ஏறி மீனுக்கு வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொட்டியைத் தொட்ட பிறகு கை கழுவினால் போதும். விரலை மட்டும் அதன் வாயருகே நீட்டாதீர்கள்!

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றில் விட்டுவிடவும் கூடாது. கிள்ளான், லங்காட் ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கும் ஈக்கான் பண்டாராயா, தென்னமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்காக வந்த இனம். வேண்டாமென்று விட்டதன் விளைவு அது. கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஏழாவது வாரம்

ஏழாவது வாரத் தண்ணீர் மாற்றத்தின்போது ஹைட்ரோமீட்டர் 1.005 காட்டியது. பயிற்சிப் புத்தகத்தில் அந்த எண்ணை எழுதப் போனேன். தங்கை புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஏழு வாரமாகக் காலியாக விட்டிருந்த 'பெயர்' என்ற கட்டத்தில் அவளே எழுதினாள்: உப்பி.

"உப்பு போட்டு வளர்த்த மீனு. பயந்தா உப்பும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேரு" என்றாள்.

உப்பி இதுவரை எங்கள் வீட்டில் ஒருமுறைகூட உப்பியதில்லை.